எஸ்தர் அம்மாவைப் பார்க்க அனகாபுத்தூருக்கு

உடல்தானத்துக்கு எழுதிக்கொடுக்க நினைக்கும் சிலர் என்னிடம் வழி கேட்கிறார்கள். அவர்களுக்காக, 1994-இல் போய்வந்த ஒரு சின்னப் பயணத்தை எழுதுகிறேன். அப்போது நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியை, வீடு தாம்பரத்தில். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் சாமுவேல் தன் உடலை எங்கள் மாணவர்களுக்கு எழுதிவைத்திருந்தார். அவர் இறந்து எட்டு மாதம் கழித்து அவர் மனைவி எஸ்தர் கடிதம் போட்டார்: "அவரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடக்கம் செய்ய வேண்டும்."

சனிக்கிழமை காலை 9.10-க்கு மின்சார ரயில். பன்னிரண்டு நிமிடத்தில் பல்லாவரம். அங்கிருந்து அனகாபுத்தூர் நாலு கிலோமீட்டர் இருக்கும். பஸ் வரவில்லை, ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய்.

"ஆத்தோரத் தெருவா? ஒரே சேறா கீது மேடம். முனையில வுட்டுர்றேன், நடந்து பூடுங்க" என்றார் டிரைவர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

எஸ்தர் அம்மா கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார், பிறகு காபி. "கல்லறை எங்கேன்னு சர்ச்சுல கேக்கறாங்க டாக்டரம்மா. நான் என்ன சொல்றது?" என்றார். நான் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அடுத்த கேள்வியையும் கேட்டார்.

"அங்க அவரை என்னன்னு கூப்பிடறீங்க?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "நம்பர்தாம்மா."

அவர் முகம் வாடிவிட்டது. நான் அவசரமாக என் கழுத்துக்குக் கீழே இடது பக்கம் தொட்டுக் காட்டினேன். "ஆனா பசங்களுக்கு அவரை நல்லாத் தெரியும்மா. இந்தக் காறை எலும்பு எப்பவோ ஒடஞ்சு, கோணலா கூடியிருக்கு. ஒடஞ்ச எலும்பு எப்படிச் சேரும்னு அவர்கிட்டதான் தொட்டுப் படிக்கறாங்க. மத்த டேபிள் பசங்களும் வந்து பாக்கறாங்க."

எஸ்தர் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"அது சைக்கிள்லேர்ந்து விழுந்து ஒடஞ்சது. பின்னால உக்காந்திருந்தது நான்தான். கல்யாணமான புதுசு. குரோம்பேட்டை ரயில்வே கேட்டுகிட்ட நாய் குறுக்க வந்துச்சு. பயத்துல அவரைப் புடிச்சு இழுத்துட்டேன். ஸ்கூல்ல மட்டும் படிக்கட்டுல விழுந்தேன்னு சொல்லிட்டார்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் எவ்ளோ நாள் வேணும்?"

"பரீட்சை வரைக்கும். அஞ்சு மாசம்."

"படிச்சு முடிக்கட்டும். அப்புறம் எங்கிட்ட குடுத்துடுங்க."

எழுதிக்கொடுக்கப் போகிறவர்கள் கணவரையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். பாடம் முடிந்தபின் என்ன செய்வார்கள் என்று அப்போதே கேளுங்கள். சாமுவேல் சாரிடம் கையெழுத்து வாங்கிய நாங்கள், அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தப்பு எங்களுடையது.

பரீட்சை முடிந்து நடந்த அடக்கத்துக்கு, சாமுவேல் சாரின் மேசையில் படித்த எட்டு மாணவர்களும் பல்லாவரம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். ஓரமாக நின்றார்கள். எஸ்தர் அம்மாவே அவர்களிடம் போனார். ஒவ்வொருவர் கையாகப் பிடித்து, "நல்லா சொல்லிக் குடுத்தாரா?" என்று கேட்டார்.