இரண்டரை நாழிகை

சௌந்திரம் புருஷன் வீட்டில் வாழ்ந்தது பதினோரு மாதம். தலைப்பிரசவத்துக்குப் பனமரத்துப்பட்டித் தாய்வீட்டுக்கு வந்தவள் மூன்று வருஷமாகத் திரும்பிப் போகவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. நாமக்கல் பக்கம் பண்ணையம் பார்க்கும் செங்கோட்டையன் கெட்டவர் அல்ல. அறுப்புக்கு அறுப்பு இரண்டு மூட்டை சோளம் அனுப்புவார். வண்டிக்காரனிடம் பையனைப் பற்றி விசாரித்து வரச் சொல்வார். அவர் மட்டும் வரமாட்டார்.

பையன் பிறந்தது சித்திரபானு வருஷம் கார்த்திகை பத்தாம் நாள். வலி கண்டு இரண்டு நாளாகியும் பிள்ளை வெளியே வராததால் அண்ணன் மாதையன் வண்டி கட்டிச் சேலம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனான். நர்ஸ் வந்து பிள்ளை பிறந்ததைச் சொன்னபோது சுவர்க் கடிகாரத்தில் சாயங்காலம் நாலு நாற்பது. அதை மறக்காமல் மனத்தில் வைத்துக்கொண்டு, மறுநாளே மாப்பிள்ளை ஊருக்குப் போய் ஜோசியர் கந்தப்பனிடம் ஒப்பித்தான்.

கந்தப்பன் கடிகாரம் பார்த்து வாழ்ந்தவர் அல்ல. சூரிய உதயத்திலிருந்து எண்ணி இருபத்தாறு நாழிகை என்று கணக்கிட்டார். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு ராசியும் நவாம்சமும் போட்டு நிறுத்திக்கொள்வார். செங்கோட்டையனுக்கு முதல் பிள்ளை என்பதால் துவாதசாம்சமும் போட்டார். ஒரு ராசியைப் பன்னிரண்டாக அறுத்து, பிறந்த நேரம் எந்தக் கூறில் விழுகிறதென்று பார்ப்பது அது. தாய் தகப்பனின் நன்மை தீமையை அதில்தான் பார்ப்பார்கள். லக்கினத்தில் ஒரு கூறு பத்து நிமிஷம்கூட நிற்காது. அந்தக் கட்டத்தில் ஒன்பதாம் வீட்டில், தகப்பனுக்குரிய இடத்தில், சனியும் செவ்வாயும் சேர்ந்து நின்றன. ஐந்து வயது முடியும்வரை தகப்பன் பிள்ளையின் முகத்தில் விழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

செங்கோட்டையன் மூன்று வயதில் தகப்பனைப் பறிகொடுத்தவர். உன் ஜாதகம்தான் அவரை விழுங்கிற்று என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர். அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

சௌந்திரம் அண்ணன் வீட்டில் களை எடுத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், பையனை இடுப்பில் சுமந்தாள். கலியாண வீடுகளில் 'மாப்பிள்ளை வரலீங்களா?' என்று யாராவது கேட்பார்கள். 'பண்ணையத்துல வேலைங்க' என்பாள். மூன்று வருஷமும் அதே பதில்தான்.

உலகச் சண்டை முடிந்த வருஷம், புரட்டாசிக் கடைசியில், கன்ட்ரோலில் அளந்து கொடுக்கும் துணிக்காகச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடை வரிசையில் நின்றாள். கடைக்காரர் முக்காலி மேல் ஏறிக் கடிகார முள்ளைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க செட்டியாரே, துணியத்தான் கொறச்சு வெட்டறீங்க. மணியயுமா?" என்றான் வரிசையில் ஒருவன்.

"சண்டைக்குன்னு சர்க்காருல ஒரு மணி நேரம் முன்னால வெக்கச் சொன்னாங்க. இப்பத் திருப்பிக்கச் சொல்லிட்டாங்க. உன்ற பொழப்பும் பின்னால போயிராம பாத்துக்க."

சௌந்திரம் நிமிர்ந்தாள். "எப்பலிருந்துங்க முன்னால வெச்சாங்க?"

"நாப்பத்திரண்டு ஆவணியிலிருந்து, அம்மிணி."

"ஆசுபத்திரிக் கடியாரத்துலயுமா?"

"கடியாரம் இருக்கற எடத்துலயெல்லாந்தான்."

அவள் முறை வந்துவிட்டது. துணியை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள்.

மறுநாள், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் பையனோடும் அண்ணனோடும் போனாள். மேட்டில் ஏறாமல் பஸ் இரண்டு இடத்தில் நின்றது. எல்லோரும் இறங்கி நடந்தார்கள். மதியத்துக்குமேல் கந்தப்பன் வீடு வந்து சேர்ந்ததும், மாதையன் பையனைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையை அழைத்துவரத் தோட்டத்துக்குப் போனான்.

பையன் பிறந்த அன்றைக்கு ஆசுபத்திரிக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியதென்று அவள் சொன்னதும், கந்தப்பன் பழைய குறிப்பைத் தேடிப் பிரித்தார். பிறகு சிலேட்டை எடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை நாழிகை. இருபத்தாறில் இரண்டரை போக இருபத்துமூன்றரை.

"ராசிக் கட்டம் மாறல. அப்பவும் மேஷ லக்கினம், இப்பவும் மேஷந்தான். அதனாலதான் எனக்குச் சந்தேகமே வரல, அம்மிணி. ஆனாக் கூறு ஏழு வீடு தள்ளிப் போச்சு."

"அவங்களுக்குக் கெடுதல் இல்லீங்களே?"

"இல்ல. ஒம்பதுல ஒண்ணுமில்ல." சிலேட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அந்த ரெண்டும் நாலாம் ஊட்டுக்கு வந்திருச்சு. நாலு தாயாருக்கு."

சௌந்திரம் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத்தானுங்க?"

"மறைச்சுச் சொன்னாப் பாவம், அம்மிணி. கேட்டாச் சொல்லோணும்."

"அவங்க கேட்டாச் சொல்லுங்க."

பையனைத் தூக்கி வந்த மாதையனோடு செங்கோட்டையன் வேலியோரம் வந்து நின்றார். பையன் பக்கம் திரும்பாமலிருக்க ஒரு கையால் கண்ணை மறைத்திருந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். கந்தப்பன் மணி மாறிய கதையை முதலிலிருந்து சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"இல்லீங்க."

"நெசமா?"

"கட்டத்துல இருக்கறதத்தான் சொல்றனுங்க. தகப்பனுக்குக் குத்தமில்ல."

அவர் கையை இறக்கினார். பையன் மாமன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "ஆரு இது?" என்றான். அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பையனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அவன் உதைத்து அழுதும் விடவில்லை.

கந்தப்பன் சிலேட்டை அழிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "வேற என்னமாச்சும் கேக்கோணுமுங்களா?"

"எனக்குத்தான் ஒண்ணுமில்லன்னுட்டீங்களே. அப்புறம் என்னத்தக் கேக்கறது?" என்றார் செங்கோட்டையன். மாதையனைப் பார்த்து, "மச்சான், துணிமணியெல்லாம் நாளைக்கு வண்டியில அனுப்பிருங்க. இவங்க ரெண்டு பேரும் இன்னைக்கே ஊட்டுக்கு வரட்டும்," என்றபடி பையனோடு முன்னால் நடந்தார்.

சௌந்திரம் மூட்டையை எடுத்தாள். கந்தப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவருக்குக் கும்பிடு போட்டாள்.

"ஏன் அம்மிணி, நெனச்சது நடந்துருச்சு. மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" என்றான் மாதையன்.

"பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தனில்லண்ணா. காலு நோவுது," என்று சொல்லிவிட்டு, அழுகைச் சத்தம் போன வழியில் நடந்தாள்.