லாஹ்யா போகிற வண்டிக்கு டயர்

கம்பி பிரஷ் வட்டமாகச் சுழன்றது. சக்கரத்தைக் கழற்றிய இடத்தில், இரும்பின் மேல் படிந்திருந்த துரு செம்பொடியாகத் தரையில் உதிர்ந்தது. பிரஷைப் பிடித்திருந்த விரல்களின் மூட்டுகள் குளிரில் வெடித்திருந்தன. வெடிப்புகளில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாத கோடுகளாகத் தங்கிவிட்டது. துரு போன இடத்தைக் கட்டைவிரல் ஒருமுறை சுற்றி வந்தது, ஓரிடத்தில் நின்றது. மறுபடி பிரஷ். துருவின் மேல் சக்கரத்தை வைத்து முடுக்கினால் அப்போதைக்கு இறுகினாற்போல இருக்கும்; வண்டி ஓட ஓடத் துரு நசுங்கி நட்டு தளரும். வெளியே வரிசையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். கை அவசரப்படவில்லை.

எங்கள் ஊரான புதாஸ்யார்வியில் முதல் பனி விழும்வரை யாரும் கோடை டயரைக் கழற்றிக் குளிர்கால டயர் மாட்டுவதில்லை. வானிலைக்காரர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே சொன்னாலும், "அவங்க என்னத்தைக் கண்டாங்க" என்று காபி குடித்துக்கொண்டிருப்போம். விழுந்த காலையில் ஊரே ராயா சாக்கினெனின் கடை வாசலில் நிற்கும்.

ராயா இந்தத் தொழிலுக்கு என்று வந்தவள் அல்ல. சதுப்பு மண்ணை வெட்டி எரிபொருளாக்கும் பீட் கரி வயலின் கேன்டீனில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். கடைக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது ஒரு வாரம் மாற்றாளாக வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். கழற்றும் ஒவ்வொரு டயரும் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பாள், அதை ஓட்டி வந்த ஆளையும் பார்ப்பாள். அப்படித்தான் தொழிலைப் படித்தாள். நட்டு கழற்றும் காற்றுத் துப்பாக்கியின் இரைச்சலில் வலது காது பாதிக்கு மேல் போய்விட்டது.

"ராயா, நான் வரிசையிலேயே உறைஞ்சு போயிடுவேன் போலிருக்கு!" என்று கத்தினார் தைஸ்தோ. வருஷம் தவறாமல் அதே நாளில், வழவழத்த கோடை டயரில் வந்து நிற்பவர்.

"உறைஞ்சா நல்லது. பனி உருகுற வரைக்கும் ஓரமா சாய்ச்சு வைக்கலாம்."

வரிசையில் எழுந்த சிரிப்புக்கு நடுவில்தான் என்சியோவின் வண்டி வரிசையை விட்டு விலகிப் பக்கவாட்டில் வந்து நின்றது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. முன் இருக்கையில் இருந்த அவர் மனைவி லாஹ்யா, மரம் அறுப்பவர்கள் போடுகிற பெரிய காது மூடியைப் போட்டுக்கொண்டு கண்களை மூடியிருந்தாள்.

போன மார்ச் மாதம் லாஹ்யா கடிதப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பனிக்கட்டியில் வழுக்கிப் பின்மண்டை அடிபட விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது. சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை. தட்டில் கரண்டி பட்டால் முகம் வெளுக்கும். கடற்கரை நகரத்தில் இதற்கென்று ஒரு சிகிச்சைக் குழு இருக்கிறது. அதில் அவளுக்கு இடமும் கிடைத்தது. ஆனால் முதல் பனிக்கு முன்பே சாலை உறைந்ததும், ஊரில் எல்லாருக்கும் முன்னால் என்சியோ, பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்க இரும்பு ஆணி பதித்த டயரை மாட்டிவிட்டார். வெறும் தாரில் அந்த ஆணிகள் அரைக்கிற அரைப்பு இருக்கிறதே, முதல் தடவை பாதி வழியில் திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவள் வாந்தி எடுத்து இருட்டறையில் படுத்திருந்ததோடு சரி. வரும் செவ்வாய்க்கிழமையும் முடியாமல் போனால் அவள் இடம் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும்.

என்சியோ பின்கதவைத் திறந்தார். உள்ளே நான்கு புத்தம்புது டயர்கள்.

"ஆணி இல்லாதது. நானே தேடிப் பிடிச்சேன். சத்தத்துக்கு ஒரு எண் போட்டிருப்பான்ல, இருக்கறதுலயே கம்மி இதுதான். குளிர்காலத்துக்குன்னு போடுற பனிப்பூ முத்திரையும் இருக்கு பாரு. மாட்டிக் குடு."

ராயா கையுறையைக் கழற்றி, ரப்பரில் நகத்தை அழுத்தினாள். நகம் இறங்கவில்லை.

"இதை மாட்ட மாட்டேன் என்சியோ."

"என்னது?"

"ஜெர்மனியில மழையும் சகதியுமா இருக்கிற ரோட்டுக்குச் செஞ்சது இது. பனியில போகும். நம்ம ஊரு கண்ணாடிப் பனிக்கட்டியில கல்லு மாதிரி விறைச்சுக்கும். அப்புறம் அந்த எண்ணு, ரோட்டோரமா நிக்கிறவன் காதுக்கு அளந்தது. உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கு இல்ல."

என்சியோவின் முகம் சிவந்தது. இருபது வருஷம் பால் லாரி ஓட்டியவர். "அப்ப என்னதான் செய்யச் சொல்ற? ஆணி போட்டா அவ தலை வெடிக்குது. ஆணி போடலன்னா ரெண்டு பேரும் பள்ளத்துல கிடப்போம்."

"நம்ம ஊருக்குன்னே செஞ்ச ஆணியில்லாத டயர் இருக்கு. மெத்து ரப்பர், மேலெல்லாம் மயிரிழையா கீறல்."

"டீச்சரம்மாங்க போடுறதா?"

"ஆமா. அவங்க யாரும் இதுவரைக்கும் பள்ளத்துல கிடக்கல."

வண்டியை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போன ஒருவர் விட்டுச்சென்ற ஒரு செட் கடையில் இருந்தது. ஒரு குளிர்காலம்தான் ஓடியது, அதே அளவு. வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். ரப்பர்க் கட்டைகள் அதிகம் தேயாத இரண்டைப் பின்னால் போட்டாள். பின்பக்கம் வழுக்கி வால் வீசினால் வண்டியைத் திருப்ப யாராலும் முடியாது என்பதால் இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பிறகு பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஊரைத் தாண்டும்வரை வண்டி கம்பளத்தில் போவதுபோலப் போயிற்று. லாஹ்யா மெல்லக் காது மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். என்சியோ கண்ணாடி வழியாக ராயாவைப் பார்த்தார்.

பெருஞ்சாலையில் வேகம் கூடியது. லாஹ்யாவின் கை கதவுப் பிடியைப் பற்றியது.

"இரையுது."

"என்ன இரையுது? ஒண்ணும் கேக்கலையே," என்றார் என்சியோ.

"இரையுது. பின்னாடி, இடது பக்கம். பல் கூசுற மாதிரி."

"நீயே பயந்து பயந்து வரவழைச்சுக்கிறே லாஹ்யா..."

"அவங்களைப் பேச விடு," என்றாள் ராயா. அவளுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய காதில் என்ன கேட்கும்? குனிந்து, சக்கரத்துக்கு மேலே இருந்த தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். பூனை வயிற்றில் கை வைத்ததுபோல ஒரு நடுக்கம் இருந்தது. "இருக்கு. சரியாத்தான் சொல்றாங்க. திருப்பு, கடைக்குப் போவோம்."

திரும்பி வரும்போது, பாலத்துக்கு இறங்கும் சரிவில், சாலையின் நடுவே மூன்று பனிமான்கள் நின்றுகொண்டிருந்தன. சாலையில் தூவிய உப்பை நக்க வந்தவை. வண்டியைப் பார்த்தும் நகரவில்லை.

என்சியோ எப்போதும் போல, ஆணி டயர்க்காரர் மிதிக்கிற இடத்தில் பிரேக்கை மிதித்தார். பிரேக் பெடல் காலடியில் கடகடவென்று அதிர்ந்தது, வண்டி நிற்கவில்லை. நேராக, அமைதியாக, வழுக்கிக்கொண்டே போயிற்று. லாஹ்யா காதைப் பொத்தவில்லை. டேஷ்போர்டில் இரண்டு கைகளையும் ஊன்றினாள். பனிமான் ஒன்றின் மூக்குத் துளையிலிருந்து வந்த ஆவி முன்கண்ணாடியில் படுகிற தூரத்தில் வண்டி நின்றது. அது தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி சாலையை நக்கியது.

என்சியோ கை பிரேக்கை இழுத்தார்.

"ஆணி இருந்திருந்தா இதுக்கு முன்னாடியே நின்னிருக்கும்," என்றார் என்சியோ. "பாத்தியா ராயா? பாத்தியா? இதுல நான் இவளை ஏத்திக்கிட்டுப் போகணுமா? லாரிக்காரன் எதிர்ல வந்தா?"

"நின்னிருக்கும். இல்லேங்கல," என்றாள் ராயா. "இந்தச் சரிவுல ஆணிதான் உசத்தி. ஆனா நீ கால வச்சதும் ஆணிக்கு வைக்கிற இடத்துல."

"என் காலைக் குறை சொல்றியா?"

"இடது பக்கம் இரையுறதை நிறுத்த முடியுமா?" என்று குறுக்கிட்டாள் லாஹ்யா. மெதுவாகத்தான் கேட்டாள்.

"முடியும்னுதான் நெனக்கிறேன்."

"அப்ப இந்த டயர்தான். உக்காரப் போறது நான்." கணவன் பக்கம் திரும்பினாள். "மெதுவா போ. பின்னாடி வர்றவன் திட்டினா திட்டட்டும். உனக்கு முடியாதுன்னா சொல்லிடு, வேற யாரையாவது ஓட்டச் சொல்றேன். வீட்டுலயே ஜன்னலை மூடிக்கிட்டு நான் இன்னொரு குளிர்காலம் இருக்க மாட்டேன்."

என்சியோ கியரைப் பிடித்தார். ரிவர்ஸ் எடுத்து, பனிமான்களுக்கு வழி விட்டார்.

கடையில் வண்டியைத் தூக்கியதும் ராயா கையுறை இல்லாமல் பின்பக்க டயரைத் தடவினாள். முன்னோக்கித் தடவினால் வழவழப்பு. பின்னோக்கித் தடவினால் ஒவ்வொரு கட்டையின் விளிம்பும் ரம்பப் பல்லாகத் தட்டியது. பழைய சொந்தக்காரன் காற்று பார்க்காமலேயே ஓட்டியிருக்கிறான். மாட்டும்போதே கையால் பார்த்திருக்க வேண்டும். வரிசையைப் பார்த்த அவசரத்தில், கையுறையோடு தடவிவிட்டாள்.

மொத்த வியாபாரியின் லாரி அடுத்த வாரம்தான் வரும். செவ்வாய்க்கு முன் புது டயருக்கு வழியில்லை. கடைக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் தங்கள் மாற்றுச் சக்கரங்களைப் பருவத்துக்குப் பருவம் விட்டுவைக்கிற கிடங்கு இருக்கிறது. டயர் விடுதி என்போம். ராயா அடுக்குகளுக்கிடையே நடந்தாள். அதே அளவு, அதே நட்டுத் துளைகள், ஆணியில்லாதது, போன வருஷக் கடைசியில் வாங்கியது: தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற இலெர்மியுடையது. அவர் நாளை மாற்ற வருவதாக இருந்தது.

இடது காதில் போனை வைத்து, அவர் சக்கரங்களை இரவல் கேட்டு, ஒரு வாரத்துக்கு என்சியோவின் ஆணிச் சக்கரங்களை மாட்டித் தருவதாகச் சொன்னாள்.

"என் கார்ல ஆணி டயரா?" என்றார் இலெர்மி. "அந்தக் காருக்குள்ளதான் ராயா நான் ஞாயித்துக்கிழமைப் பாட்டைப் பாடிப் பாக்கிறது!"

"ஒரு வாரம் பாடாம இருங்க. ஊரும் கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்."

"நக்கலா?" குரலைத் தாழ்த்தினார். "லாஹ்யாவுக்கா?"

"லாஹ்யாவுக்கு."

"அவ வர்றதை நிறுத்தினதுலேர்ந்து தேவாலயப் பாட்டுக் குழுவுல அவ பாடின வரிசை பூனை சண்டை மாதிரி இருக்கு." மூக்கை உறிஞ்சினார். "எடுத்துக்கோ. ஆனா ஒரு கீறல் விழுந்தா உன் சவ அடக்கத்துக்கு வாசிக்க மாட்டேன்."

இந்தத் தடவை நான்கையும் வெறுங்கையால், இரண்டு திசையிலும் தடவிப் பார்த்த பிறகுதான் ராயா மாட்டினாள். பிறகு என்சியோவை, மூடிக் கிடக்கும் பால் பண்ணையின் முற்றத்துக்கு அழைத்துப் போனாள். கூரையிலிருந்து சொட்டிய நீர் உறைந்து முற்றம் முழுக்கக் கண்ணாடியாகக் கிடந்தது. கோடியில் தன் காபி பிளாஸ்கை நிறுத்தி வைத்தாள்.

"இது பனிமான்."

என்சியோ வேகமெடுத்து வந்து, பழக்கமான இடத்தில் மிதித்தார். பிளாஸ்க் நசுங்கியது. காபி பனியில் ஆவி விட்டது.

"என் காபியைக் கொன்னுட்ட. போ, மறுபடி." தைஸ்தோவிடம் இரவல் வாங்கிய கையுறைகளை அடுக்கி வைத்தாள். கையுறைகளின் மேலும் வண்டி ஏறியது. மறுபடி. என்சியோ கெட்ட வார்த்தை சொன்னார். ராயா தன் கேளாத வலது காதைக் காட்டிவிட்டு நின்றாள். கடைசியில் அவருடைய கால், மூளையைக் கேட்காமலே, வெகு முன்பே ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்தது. வண்டி தானாகத் தளர்ந்து, கையுறைக்கு ஒரு வண்டி நீளத் தூரம் இருக்கும்போதே நின்றது. அதையே திரும்பத் திரும்பச் செய்யவைத்தாள்.

திங்கட்கிழமை மதியம் கணவனும் மனைவியும் மட்டும் பெருஞ்சாலையில் பாதி தூரம் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. புதிதாக மாட்டிய சக்கரம் கொஞ்சம் ஓடிய பிறகு நட்டை மறுபடி முடுக்க வேண்டும் என்பதால் கடைக்கு வந்துதான் போக வேண்டும். ராயா இன்னும் வேலை முடியாத தைஸ்தோவின் வண்டியில் கை வைத்தாள், எடுத்தாள். வெளியே வந்து சாலையைப் பார்த்தாள். காலையில் இளகிய பனி மறுபடி உறைந்துகொண்டிருந்தது. பாலத்துச் சரிவுக்கு அதைவிட மோசமான நேரமில்லை. வர வேண்டிய நேரம் தாண்டியது. மரம் ஏற்றிய லாரி ஒன்று அந்தப் பக்கமிருந்து வந்தது. ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"வந்துருவாங்க ராயா," என்றார் தைஸ்தோ. அவரும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி வளைவில் தெரிந்தபோது ஆமை வேகத்தில் வந்தது. ஏதோ ஆகிவிட்டது என்று ராயா இரண்டடி ஓடினாள். என்சியோ இன்ஜினை அணைத்து, கதவைச் சத்தமில்லாமல் திறந்து இறங்கினார். உதட்டில் விரலை வைத்தார். உள்ளே லாஹ்யா ஜன்னல் பக்கம் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள்.

"போகும்போதே தூங்கிட்டா," என்று ராயாவின் நல்ல காதில் கிசுகிசுத்தார். "எழுப்ப பயமா இருந்துச்சு. அதான் மெதுவா... பாலத்துக்கு எறங்குறதுக்கு முன்னாடியே காலை எடுத்துட்டேன். லாரி வந்துச்சு ராயா. எதிர்லயே வந்துச்சு. அவ அசையல."

ராயா உள்ளே போய்க் காற்று இயந்திரத்தை நிறுத்தினாள். வரிசையைப் பார்த்துக் கழுத்தறுக்கிற மாதிரி கையை வீசினாள். ஒவ்வொன்றாக இன்ஜின்கள் அணைந்தன. நட்டு முடுக்கும்போது வண்டிச் சாவி அவளிடம் இருக்க வேண்டும் என்பது கடையின் சட்டம். கையை நீட்டினாள், என்சியோ கொடுத்தார். காற்றுத் துப்பாக்கியைத் தொடாமல் நீளமான கை ஸ்பேனரை எடுத்து, ஒவ்வொரு நட்டாக முடுக்கினாள். போதுமான இறுக்கம் வந்ததும் அது டக்கென்று ஒலிக்கும். ஒலிக்கிற இடத்தை இடது உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். நான்கு சக்கரங்களும் முடிந்தன. லாஹ்யா ஒருமுறை உதட்டைச் சப்புக்கொட்டிவிட்டு மறுபடி அடங்கினாள்.

ராயா எழுந்து, வண்டிச் சாவியை வளையம் குலுங்காமல் என்சியோவின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மடக்கிவிட்டாள்.