கிளாவரையைக் கேட்டால் பழனியைக் காட்டிய லிங்க்

1. கறுத்த செடி

விவசாயிகளுக்கு வானிலை சொல்லும் சிறு தொண்டு நிறுவனம் ஒன்றில், கொடைக்கானலில், சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலை அலுவலகம் திறக்கும் முன்பே முருகேசன் வாசலில் நின்றார். மலைமேல் இருக்கும் கிளாவரையில் உருளைக்கிழங்கு போட்டவர். பையிலிருந்து ஒரு செடியை எடுத்து என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இலைகள் வெந்ததுபோல் கறுத்திருந்தன. உறைபனி.

“பனி வந்தா மொத நாள் சாயங்காலமே போன் போடுவோம்னீங்களேம்மா. தண்ணி தெளிச்சு, புகைமூட்டம் போட்டுப் பாதியாவது காப்பாத்தியிருப்பேன். நேத்து அப்படி என்ன சோலி உங்களுக்கு?”

போன் செய்வது என் வேலை. ஆனால் முந்தின மாலை சர்வர் எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

2. ஒரே பெயர், மூன்று ஊர்

பழனி, கொடைக்கானல், கிளாவரை: ஊருக்கொரு வெப்பமானி, சர்வரில் ஊருக்கொரு ஃபோல்டர். எச்சரிக்கை ப்ரோக்ராம் ‘இன்று’ என்ற சிம்பாலிக் லிங்கைப் படிக்கும். லிங்க் என்பது வேறோர் இடத்தைக் காட்டும் பெயர். எங்களுடையதில் நடுவே ஒரு வேரியபிள், அதாவது ஊர்ப்பெயரை மாற்றி மாற்றி நிரப்பும் ஓர் இடம். அதில் எந்த ஊர் இருக்கிறதோ அந்த ஃபோல்டருக்குப் போகும்.

அமைக்கும்போதே ஊருக்கொரு சாதாரண லிங்க் போடலாம் என்றேன். மேலாளர் தாமஸ் சார் சிரித்தார். “நாளைக்கு முப்பது ஊர் வரும்மா. முப்பதையும் நீயா மெயின்டெயின் பண்ணுவே? வேரியபிளை மாத்து, முடிஞ்சுது.” அதிலும் நியாயம் இருந்தது.

3. பொது மதிப்பு

சர்வரில் ஊருக்கொரு லாகினும் உண்டு; கிளாவரை லாகினில் நுழைந்து பார்த்தேன். லிங்க் சரியாகக் கிளாவரைக்கே போனது. மறுபடி பார்த்தேன். மறுபடியும் சரி.

அதுவரை நாங்கள் கிளாவரை லாகினில் நுழைந்து ப்ரோக்ராமைக் கையால் ஓட்டினோம். அந்த வாரம்தான் சார் அதைத் தானாக ஓடும்படி, குறித்த நேரத்தில் ப்ரோக்ராம்களை ஓட்டும் கிரானுக்கு மாற்றியிருந்தார். எங்கள் லாகினில் இருந்த வேரியபிள் கிரானுக்கு இல்லை. அதனால் சிஸ்டம், ஊர் எதுவும் சொல்லாதபோது எடுக்கும் பொது மதிப்பை எடுத்துக்கொண்டது. பொது மதிப்பு, மலையடிவாரத்து வெயில் ஊரான பழனி. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஃபைல் இருந்தது, அதில் வெப்பநிலை இருந்தது, பழனிக்கு அது சரியாகவும் இருந்தது.

நடந்ததை விளக்கினேன். “பழனிக் குளிரப் பாத்துட்டா எங்களுக்குச் சொல்லாம விட்டீங்க?” என்றார் முருகேசன். “அங்க சாமியே கோமணத்தோடதானம்மா நிக்காரு.”



4. சரியான எச்சரிக்கை

அன்றே ஊருக்கொரு சாதாரண லிங்க் போட்டோம். சில வாரங்கள் கழித்துக் கிளாவரைக்கு எச்சரிக்கை வந்தது. முதலில் முருகேசனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, இன்னிக்குப் பனி விழும். வெரசா தண்ணி தெளிச்சிருங்க.”

“நான் பழனிப் பக்கம் ஆயக்குடியில கொய்யா பறிச்சிட்டிருக்கேம்மா, கூலிக்கு. அந்தப் பனிக்கப்புறம் காட்டை வேறாளு பாக்குறாரு. அவருக்குச் சொல்லுங்க.”

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு: வேரியபிள் லிங்க் உங்கள் வேலையைக் குறைக்கும், எங்கே போகிறது என்பதை மறைக்கும். இரண்டும் சேர்ந்தேதான் வரும். ஊர் தெரியாவிட்டால் நின்றுவிடும்படி அமையுங்கள். ஏதோ ஓர் ஊருக்குப் போக விடாதீர்கள்.