கோபுரத்தைப் பார்த்தபடி பின்னால் நகர்ந்தேன்

நகரியிலிருந்து நானும் நாத்தனாரும் திருப்பதிக்குப் போய், கோவிந்தராஜர் கோயில் தெருவை ஒரு வழிகாட்டியோடு நடந்து சுற்றிப் பார்த்தோம். எத்தனையோ முறை துணி வாங்கப் போன தெருதான்.

"பைக்கி சூடண்டி, மேல பாருங்கம்மா" என்று வழிகாட்டிப் பெண் சொன்னதும் அண்ணாந்தேன். அடுக்கடுக்காய்ச் சிலைகளோடு வானத்துக்கு எழும்பி நின்றது கோபுரம். இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் போனேன்! முழுக் கோபுரமும் போட்டோவில் அடங்க வேண்டுமென்று அப்படியே பின்னால் நகர்ந்தேன்.

"அண்ணி, ஆட்டோ வந்துக்கினு இருக்குது!" என்று அலறி நாத்தனார் என்னை இழுத்தாள். ஆட்டோ புடவையை உரசிக்கொண்டு போனது. செல்போன் விழுந்து நொறுங்கியது.

கடை வாசலில் உட்கார்ந்தேன். அப்போதும் கண் கோபுரத்தை விட்டு அகலவில்லை.

இப்போதெல்லாம் ஓரமாக நின்று ஆசைதீரப் பார்த்த பிறகே படம் எடுக்கிறேன். அதுவும், எனக்குப் பின்னால் ஒருவரைத் தெருவைப் பார்த்தபடி நிற்கச் சொல்லிவிட்டுத்தான்.