டெஸ்ஸி ஷூமேட்டின் சுற்றுச்சீட்டு

டெஸ்ஸி ஷூமேட் பதினெட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். வில்க்ஸ் வட்டாரத்தில் அதைப் பார்த்துவிட்டு, "பொம்பளைன்னா இப்படிப் பொறுமையா இருக்கணும்" என்று மெச்சியவர்கள் உண்டு. பொறுமையாவது மண்ணாவது! அவள் கறுவிக்கொண்டிருந்தாள். ஹாய்ட் பில்லிங்ஸ் என்ற பெயரை யாராவது சொன்னால் கையில் இருக்கும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள்.

விஷயம் இதுதான். 1950 அக்டோபரில், ரெட் ஃபோர்க் மண் திடலில் நடந்த கார் பந்தயத்தில், அவள் கணவன் கார்லண்ட் முதலாவதாக வந்துகொண்டிருந்தான். பின்னால் ஹாய்ட். கடைசிக்கு முந்தைய சுற்றில், மூன்றாம் வளைவில், ஹாய்ட் தன் வண்டியின் மூக்கைக் கொண்டுபோய்க் கார்லண்டின் பின்சக்கரத்தில் வேண்டுமென்றே சொருகினான். கார்லண்டின் வண்டி மூன்று கரணம் அடித்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது.

அதோடு நின்றிருந்தால், பந்தயம் என்றால் நாலும் இருக்கும் என்று டெஸ்ஸி விட்டிருப்பாள். நிற்கவில்லையே! அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துப் பந்தய வண்டிகளில் பாதி, வாரம் முழுக்கக் காட்டுச் சாராயம் சுமந்து போலீசுக்குத் தண்ணி காட்டிவிட்டு, ஞாயிறு மதியம் திடலுக்கு வருகிறவை. முன்விளக்கைக் கழற்றி, கதவை இடுப்பு வாரால் இழுத்துக் கட்டினால் பந்தய வண்டி. கார்லண்டின் ஃபோர்டும் அந்த ரகம்தான். அன்று காலை சரக்கை இறக்கும்போது சீட்டுக்குப் பின்னால் ஒரு ஜாடியை மறந்துவிட்டான். உருண்டதில் அது உடைந்து அவனைத் தலைமுழுக்க நனைத்துவிட்டது.

ஹாய்டுக்கு அது போதாதா? கார்லண்ட் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, இவன் பைபிள் மேல் கைவைத்து, "அவன் குடிச்சிட்டு ஓட்டுனான், தானாத் தடுமாறி என் மேல வந்து விழுந்தான்" என்று பந்தய அதிகாரி கோல்வர்டிடம் சத்தியம் செய்தான். ஊருக்கெல்லாம் ஊற்றினானே தவிர, ஒரு சொட்டு நாக்கில் வைத்தவன் இல்லை கார்லண்ட். யார் கேட்டார்கள்? ஆயுசுக்கும் எந்தத் திடலின் வாசலையும் மிதிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். பாப்டிஸ்ட் சபையில் பெயரை அடித்தார்கள். கால் போனதற்கு அவன் அழவில்லை. சபைக் கடிதம் வந்த அன்று அழுதான். டெஸ்ஸி அதைப் பார்த்தாள். அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டாள். பொய் சொன்ன வாய்தான் உண்மையையும் சொல்ல வேண்டும், ஊர் கேட்கச் சொல்ல வேண்டும்.

வாய்ப்பு 1952 வசந்தத்தில் வந்தது. சுற்றுகளை எண்ண அப்போது இயந்திரம் ஏது? ஒவ்வொரு வண்டியும் தனக்கென்று சுற்றெழுத ஒரு ஆளைக் கூட்டி வர வேண்டும். அநேகமாக ஓட்டுநரின் மனைவி. வண்டி பழுது பார்க்கும் பக்கம் பெண்கள் போனால் தரித்திரம் என்பார்கள், வண்டிக்குப் பச்சைச் சாயம் அடிப்பதும் அங்கே தோலோடு நிலக்கடலை தின்பதும் போல. ஆனால் வெயிலில் மணிக்கணக்காக உட்கார்ந்து எழுத மட்டும் அதே பெண்கள் வேண்டும்! திடலின் நடுவே, ஒவ்வொரு சுற்றும் முடியும் கோட்டுக்கு எதிரே பலகை மேடை. பன்றி இறைச்சி வைத்த பிஸ்கட் ரொட்டியும், தலையில் துணியும், மடியில் நூற்றைம்பது கட்டம் போட்ட சீட்டுமாக உட்காருவார்கள். வண்டி கோட்டைத் தாண்டும்போதெல்லாம் எதிரே உள்ள பெரிய கடிகாரத்தைப் பார்த்து நிமிடமும் செகண்டும் குறிக்க வேண்டும். எழுத ஆள் இல்லாவிட்டால் வண்டி கிளம்பக் கூடாது. பந்தயம் முடிந்து அரை மணிக்குள் சீட்டு தலைமை எழுத்தர் ஆர்வெல்லா டீகிடம் போய்ச் சேராவிட்டால் அந்த வண்டி ஓடவே இல்லை என்று அர்த்தம்.

ஹாய்டின் மனைவி அந்த வாரம்தான் அவனை உதறிவிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஹாய்ட் மேடைக்குக் கீழே வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தனக்கு எழுத ஆள் கேட்டான். ஒருத்தியும் அசையவில்லை.

"நான் எழுதறேன்" என்றாள், அந்தப் பெண்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த டெஸ்ஸி.

ஹாய்ட் பல்லைக் காட்டினான். "என்ன டெஸ்ஸி, கோவமெல்லாம் எறங்கிருச்சா?"

"எழுத ஆளு வேணுமா, வேண்டாமா?"

"வேணும் தாயே. நான் போறப்பெல்லாம் ஒரு கோடு கிழி, போதும்."

கோடு கிழிப்பதாம்! இத்தனை வருடம் மனைவி எழுதிய சீட்டை ஒரு நாளாவது திருப்பிப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பானா?

கார்லண்ட் வேலிக்கு வெளியே, ஓக் மரத்தடியில் நிறுத்திய லாரியின் பின்தட்டில் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அவ்வளவுதான் அனுமதி.

பந்தயம் தொடங்கி முப்பது சுற்றுக்குள் செம்மண் புழுதி எழும்பி வானமே தெரியவில்லை. எண்கள் எல்லாம் மண் பூசிக்கொண்டன. மற்ற பெண்கள் கண்ணைக் கசக்கித் திட்டினார்கள். டெஸ்ஸிக்குக் கண் தேவைப்படவில்லை. ஹாய்ட் வண்டியின் சத்தம், நனைந்த வெடி விட்டுவிட்டு வெடிப்பது போல, ஒன்றரை வருடமாக அவள் கனவில் ஓடிக்கொண்டிருந்த சத்தம். அது கோட்டைத் தாண்டும், அவள் கடிகாரத்தைப் பார்ப்பாள், எழுதுவாள். ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பது செகண்ட், முப்பது, இருபத்தொன்பது.

எண்பத்தேழாம் சுற்றில் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. மேடைக்கு வெகு அருகில். அடப்பாவி! புழுதியில் எவன் பார்க்கப் போகிறான் என்று இரண்டாம் வளைவிலேயே இறங்கி, நடுத்திடலைக் குறுக்கே வெட்டி, நாலாம் வளைவில் மறுபடி ஏறிவிட்டான். கோட்டைத் தாண்டினான். டெஸ்ஸி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினைந்து செகண்ட். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை, உள்ளதை எழுதினாள். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பென்சிலை நன்றாக அழுத்தி எழுதினாள்.

ஹாய்ட் முதலாவதாக வந்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவன் முகத்தைக்கூடத் துடைக்காமல் மேடைக்கு ஓடிவந்தான். டெஸ்ஸி சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டு, பையை மடியில் வைத்து, இரண்டு கையையும் அதன் மேல் வைத்திருந்தாள்.

"சீட்டக் குடுத்துட்டியா?"

"இல்ல."

"ஏன்? குடு!"

"குடுக்கறேன். நீ ஓடுனது அத்தனையும் இதுல இருக்கு. மொதல்ல, அன்னிக்கு என் வீட்டுக்காரர என்ன பண்ணேன்னு அந்த மைக்கில சொல்லு."

அறிவிப்பாளரின் ஒலிபெருக்கி மைக் அதே மேடையில்தான் இருந்தது. ஹாய்ட் ஆர்வெல்லாவைப் பார்த்து, "ஏங்க அக்கா, இது அநியாயம் இல்லையா? நீங்க கேக்கக் கூடாதா?" என்றான்.

ஆர்வெல்லா பிஸ்கட் துணுக்கை மடியிலிருந்து தட்டிவிட்டாள். "சீட்டு என் கைக்கு வந்தாத்தான் எனக்குப் பேச்சு. இன்னும் இருவத்திரெண்டு நிமிசம் இருக்கு தம்பி."

கெஞ்சினான். மிரட்டினான். "பிடுங்கிக்குவேன்" என்றான். எழுதும் பெண்கள் பதினோரு பேரும் எழுந்து டெஸ்ஸியைச் சுற்றி நின்றார்கள். எட்டு நிமிடம் மீதி இருந்தபோது அவன் மைக்கைப் பிடித்தான். அந்த வெற்றி அவனுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது, பாவி.

"கார்லண்ட் ஷூமேட் குடிச்சிருக்கல. நான்தான் இடிச்சேன்" என்று முணுமுணுத்தான்.

டெஸ்ஸி வேலிப்பக்கம் பார்த்தாள். லாரியில் நின்ற கார்லண்ட் காதருகே கையைக் குவித்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினான்.

"அவருக்குக் கேக்கலயாம். சத்தமா."

"அடியே—"

"ஏழு நிமிசம்."

ஹாய்ட் கத்தினான். "கார்லண்ட் குடிக்கல! ஒரு ஜாடி ஒடஞ்சு மேல ஊத்திருச்சு! நான்தான் வேணும்னே இடிச்சேன், பொய்ச் சத்தியம் பண்ணேன்! போதுமா?"

நாலாயிரம் பேர் கேட்டார்கள். சபைப் பாஸ்டர் இருந்தார். அவர் காதிலும் விழுந்தது. கோல்வர்ட் முகம் செம்மண்ணைவிடச் சிவந்துபோனது. கூட்டத்திலிருந்து முதல் பாட்டில் வந்து மேடைக்கால் அருகே உடைந்தது.

டெஸ்ஸி பையைத் திறந்து சீட்டை ஆர்வெல்லாவிடம் கொடுத்தாள். ஆர்வெல்லா கட்டம் கட்டமாக விரலை ஓட்டினாள். எண்பத்தேழில் விரல் நின்றது.

"பதினஞ்சு செகண்டா? இந்தத் திடல்ல பதினஞ்சு செகண்டுல சுத்தணும்னா றெக்கதான் வேணும் தம்பி."

"கோடுதான கிழிக்கச் சொன்னேன்!" என்றான் ஹாய்ட், வாய் தவறி.

கோல்வர்ட் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். புல்லில் இரண்டு சக்கரத் தடம், வளைவிலிருந்து வளைவுக்கு, நேராக. வெற்றி போனது. பொய்ச் சத்தியத்துக்குச் சேர்த்து, கார்லண்டுக்குப் போட்டிருந்த தடையை எடுத்து அப்படியே ஹாய்ட் தலையில் போட்டார்.

ஹாய்ட் டெஸ்ஸியைப் பார்த்தான். "இது உனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சே என்னப் பேச வச்ச."

"ஆமா. தெரிஞ்சேதான்" என்றாள். பதினெட்டு மாதத்தில் முதல் தடவையாக, வெட்கமே இல்லாமல், வாய்விட்டுச் சிரித்தாள்.

டெஸ்ஸி லாரியை ஓட்ட, இருவரும் வீடு திரும்பினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கார்லண்டின் கண் ஈரமாக இருந்தது. ஆற்றுப்பாலம் தாண்டியதும் டெஸ்ஸி கேட்டாள்:

"என்னங்க, மைக்கில சொல்லியுமா மொத தடவ கேக்கல?"

கார்லண்ட் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மொத தடவயே நல்லாக் கேட்டுச்சு புள்ள."