அக்காவின் சிலேட்டை வாசித்த நாட்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு முன்னால் அவள் தலைமுடியின் மணம் உள்ளே வந்தது. தித்திப்பும் கசப்புமாய், கனிந்து கெடத் தொடங்கிய பழத்தைப் போலவும் புதிதாய் வார்னிஷ் பூசிய கதிரையைப் போலவும் இருந்த அந்த மணத்தை அம்மா "ஆஸ்பத்திரி வாடை" என்றாள். மயக்கம் கொடுக்கிற மருந்தின் மணம் அது என்று அப்பா திருத்தினார். எது எப்படியோ, தலையணை உறையை இரண்டு தரம் துவைத்துப் போட்ட பிறகும் மூன்று நாள் வரைக்கும் அது எங்கள் முன்னறையை விட்டுப் போகவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கண்டிக் குளத்துக்கு மேலே, மலைச்சரிவில் ஏறிப்போகிற ஒரு சந்தில், ஒட்டினாற்போலக் கட்டிய நான்கு வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா நகரசபையில் கிளாக்கர். அக்கா மங்களத்துக்குப் பதினொரு வயது, எனக்கு எட்டு. மழைக்காலம் வந்தாலே அக்காவுக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் அடிக்கும். வருடத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம் போகாமல் கழுத்தில் சுண்ணாம்பும் மஞ்சளுமாகப் படுத்திருப்பாள். தொண்டைக்குள் இரண்டு பக்கமும் வளர்ந்திருக்கிற சதையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெரியாஸ்பத்திரி டொக்டர் அப்பாவிடம் சொன்னார். பெரஹரா ஊர்வலம் பார்க்க வந்த கூட்டமெல்லாம் கலைந்து ஊர் அடங்கியபின், ஆகஸ்ட் விடுமுறையில் அது நடந்தது.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மூன்றாம் நாள் அக்காவை வீட்டுக்கு அனுப்பும்போது அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னதை அம்மா வீடு வந்து சேரும்வரை திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தாளாம்:

"பத்து நாளைக்குப் பிள்ளை ஒரு சொல்லும் கதைக்கப்படாது. ஆனா விழுங்க வேணும். நொந்தாலும் விழுங்க வேணும்."

அக்காவுக்கு இந்த இரண்டில் எது கடினம் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் என்ன குழம்பு வைப்பது, எந்தப் பாவாடையை எப்போது துவைப்பது, நான் எந்த மூலையில் உட்கார்ந்து பாடம் படிப்பது எல்லாமே அக்காவின் வாயால்தான் தீர்மானமாகும். அப்படிப்பட்டவள் கழுத்தில் கம்பளித்துணி சுற்றிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு கண்களை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தது எனக்குப் பார்க்கப் பார்க்க அதிசயமாக இருந்தது. அப்பா அவளுடைய பள்ளிக்கூடச் சிலேட்டை எடுத்து மடியில் வைத்து, வேண்டியதை எழுது என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனார்.

அப்பா காலையில் போனால் மாலை ஐந்து மணிக்குத்தான் வருவார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கம்பளையில் கடை வைத்திருந்த அம்மாவின் வீட்டில் ஆண்பிள்ளைகளைத்தான் படிக்க அனுப்பினார்கள். ஆகவே அக்கா எழுதுவதை வாசித்துச் சொல்ல வீட்டில் இருந்த ஒரே ஆள் நான். பிறந்ததிலிருந்து அக்காவின் வாய்க்கு அடங்கி நடந்த எனக்கு அவளுடைய வாயாகவே இருக்கிற உத்தியோகம் கிடைத்தது. அந்த உத்தியோகத்தை நான் நேர்மையாகச் செய்யவில்லை.

அக்காவின் வைத்தியத்தில் முதன்மையானது ஐஸ். அப்பா விடியற்காலையிலேயே ஐஸ் கிடங்குக்குப் போய், சாக்கில் மரத்தூளோடு சுற்றிய கட்டியை வாளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார். அம்மா அதைக் கழுவித் துணியில் முடிந்து அம்மிக் குழவியால் நொறுக்கி, ஒவ்வொரு சில்லாக அக்காவின் நாக்கில் வைப்பாள். அது கரைந்து இறங்கும்போது அக்கா கண்களை இறுக்கி மூடிக்கொள்வாள். அவள் விழுங்குகிறபோதெல்லாம் எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மாவின் தொண்டையும் ஏறி இறங்கும். அதைப் பார்த்து எனக்கும் எச்சில் இறங்கும். அக்கா சிலேட்டில் "ஐஸ்" என்று எழுதினால், "ஐஸ் வேணுமாம், எனக்கும் ஒரு துண்டு குடுக்கச் சொல்றா" என்று நான் வாசிப்பேன். அக்கா சிலேட்டுக் குச்சியால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். சீக்கிரம் கொடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்து அம்மா எனக்குப் பெரிய துண்டாகத் தருவாள்.

ஒரு நாள் அக்கா கோபத்தோடு, "இவள் பொய் சொல்கிறாள்" என்று பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அம்மா என்னைப் பார்த்தாள். அக்காவுக்குக் கால் உளைகிறதாம் என்றேன். அம்மா உடனே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிடத் தொடங்கினாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தொண்டை நோகும், நொந்தால் அழுகை வரும். சிரிப்பும் அழுகையுமாக அவள் பட்ட பாட்டைப் பார்த்து அம்மா பதறி இன்னும் அழுத்திப் பிடித்தாள். மாலையில் அப்பா வருவதற்குள் அக்காவின் கோபம் ஆறிவிடும், அவரிடம் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆயிஷா மாமிதான் அக்காவுக்குச் சாப்பாட்டில் மனம் வைக்கச் செய்தவர். அவர் மடவளையில் பிறந்து கலியாணத்தோடு டவுனுக்கு வந்தவர். அவர் கணவருக்குத் துணிக்கடை. அம்மா காய்ச்சிய சவ்வரிசிக் கஞ்சியை அக்கா இரண்டு கரண்டியோடு தள்ளிவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் மாமி கடல்பாசியைக் காய்ச்சிப் பாலும் சீனியும் சேர்த்து, தட்டில் ஊற்றி உறையவைத்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி எடுத்துக்கொண்டு வந்தார். ரோசாப்பூ நிறத்தில் அது தட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இதக் கொஞ்சம் வாயில வைங்க மகள். தொண்டைக்குத் தெரியாமலே எறங்கிடும்."

உண்மையிலேயே அப்படித்தான் இறங்கியது. அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு மாமியின் தட்டு வரும். முழுத் தட்டையும் அக்கா காலி செய்யும்வரை மாமி கட்டிலில் உட்கார்ந்து மடவளைக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார். பதில் பேச முடியாத ஒருத்தி கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம் என்று அப்பா கேலி செய்வார். காலையில் ஐஸ், பத்து மணிக்குக் கடல்பாசி, மத்தியானம் கஞ்சி, மாலையில் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பு என்று எங்கள் வீட்டு நாள் அக்காவின் தொண்டையைச் சுற்றியே நடந்தது. நான் அவ்வளவு நிறைவாக வேறெந்த விடுமுறையிலும் இருந்ததில்லை.

என் குட்டு உடைந்தது அக்கா வீட்டுக்கு வந்த நான்காம் நாள். அக்கா தண்ணீர் கேட்டு எழுதியிருந்தாள். நான் வழக்கம்போல ஐஸ் என்றேன். அம்மா குசினிக்குப் போக எழுந்தவள் திரும்பி வந்து சிலேட்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஐஸ் என்று எழுதுகிறபோதெல்லாம் முதல் எழுத்து வளைந்து சுழித்துக்கொண்டு போகுமே, இங்கே அந்தச் சுழி எங்கே என்று கேட்டாள். மூன்று நாளாக அந்த எழுத்தின் வடிவத்தை அவள் கண்ணாலேயே படித்து வைத்திருக்கிறாள். அம்மா என்னை அடிக்கவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. சிலேட்டை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் முகம் சிறுத்துப்போயிருந்தது. அடித்திருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

அதற்கு அடுத்த நாள் அக்கா "காது வலிக்கிறது" என்று எழுதினாள். உள்ளது உள்ளபடி வாசித்தேன். வெட்டியது தொண்டையில், வலிக்கிறது காதிலா என்று அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அக்கா இரண்டு காதுகளையும் பொத்திக் காட்டிய பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தொண்டைப் புண் ஆறும்போது காதில் வலி தெறிப்பது வழக்கம்தான் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்ததை மாலையில் அப்பா வந்து சொன்ன பிறகுதான் அம்மா துணியைச் சூடாக்கி அக்காவின் காதில் ஒற்றினாள்.

ஏழாம் நாள் மத்தியானம் அம்மா குசினியில் இருந்தாள். நான் கட்டிலடியில் உட்கார்ந்து காகிதத்தில் கப்பல் செய்துகொண்டிருந்தேன். தூங்கிக்கொண்டிருந்த அக்கா விழித்து, ஒன்றும் வாயில் இல்லாமலே அடிக்கடி விழுங்கினாள். பிறகு கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்தாள். அதில் இருந்தது சிவப்பு. அவள் என்னைப் பார்த்தாள், சிலேட்டை எடுத்தாள், வேகமாக எழுதினாள்: "இரத்தம். அம்மாவிடம் சொல்லாதே. திரும்ப அங்கே கொண்டுபோய்விடுவார்கள்."

அக்கா எதற்காவது பயந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்பதை வந்த அன்றே அவள் எனக்கு மட்டும் எழுதிக் காட்டியிருந்தாள். மேசையில் படுக்கவைத்துக் கையையும் காலையும் துணிப்பட்டையால் கட்டினார்களாம், முகத்தில் மூடியை வைத்து எண்ணச் சொன்னார்களாம், பத்தொன்பது வரை எண்ணியும் தூக்கம் வராமல் மூச்சு முட்டியதாம்.

காலடிச் சத்தம் கேட்டதும் அக்கா உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்தாள். ஈரக் கையோடு வந்த அம்மா, என்ன எழுதினாள் என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். முதல் நாட்களில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்ன எனக்கு அன்றைக்கு ஒரு பொய் போதும். அந்தப் பொய்யைச் சொல்லச் சொல்லி அக்காவே எழுதியிருந்தாள். ஆனால் எனக்கு அது வரவில்லை.

"ரத்தம் வருதாம்மா. சொல்ல வேணாம்னு எழுதுனா."

அம்மா சிலேட்டைப் பார்க்கவில்லை. அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். அடுத்த நிமிடம் அக்காவை நிமிர்த்தி உட்காரவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொன்னாள். பிறகு வேலிப்பக்கம் போய் ஆயிஷா மாமியைக் கூப்பிட்டாள். மாமி ஐஸை நொறுக்கித் துணியில் கட்டி அக்காவின் கழுத்தில் வைத்தார், அப்பாவுக்குச் சொல்லி அனுப்புவதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பா கூட வராமல் அம்மா டவுனுக்குள் இறங்கியதே இல்லை. அன்றைக்கு உடுத்தியிருந்த சேலையோடு சந்து முனைவரை நடந்து ரிக்ஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாமி என்னைத் தன் வீட்டில் விட்டுப் போகச் சொன்னபோது அம்மா தலையாட்டி மறுத்தாள்.

"நீயும் வாடி. அவ எழுதுறத வாசிக்க நீ வேணும்."

ரிக்ஷாவில் அம்மாவின் மடியில் அக்கா சாய்ந்திருந்தாள், ஓரத்தில் நான் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தேன். குளக்கரை முழுக்க அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

அதே டொக்டர் வார்டில் இருந்தது எங்கள் நல்ல காலம். வாயைத் திறந்து பார்த்தவர் தாதியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவள் பஞ்சும் மருந்தும் கொண்டு வந்தாள், கூடவே கை கட்டுகிற துணிப்பட்டையும். அதைக் கண்டதும் அக்கா என் கையிலிருந்து சிலேட்டைப் பிடுங்கினாள். குச்சி இரண்டு தரம் வழுக்கியது. எழுதி முடித்து, டொக்டருக்குக் காட்டாமல் என்னிடம் நீட்டினாள். அதில் இருந்ததை ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல் நான் உரக்க வாசித்தேன்:

"என்னைக் கட்ட வேண்டாம். ஆடாமல் இருப்பேன்."

டொக்டர் கையிலிருந்த கிடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அக்காவை ஒரு கணம் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, கட்டமாட்டம். அம்மாவின்ர மடியில இருங்கோ. வாயை மட்டும் வடிவாத் திறவுங்கோ."

அம்மா கதிரையில் உட்கார்ந்து அக்காவை மடியில் வைத்துக்கொண்டாள். டொக்டர் மருந்தில் நனைத்த பஞ்சைக் கிடுக்கியில் பிடித்துத் தொண்டைக்குள் வைத்து அழுத்தினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு ஒரு பகல் முழுதும் போலிருந்தது. அக்காவின் கால் விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன, கண்ணீர் காதுக்குள் ஓடியது, ஆனால் சொன்னபடியே அவள் ஆடவில்லை. இரத்தம் நின்றது. அப்பா வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது டொக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். நேரத்தோடு கொண்டுவந்தது நல்லதாயிற்று, பிள்ளை இரத்தத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டே இருந்திருந்தால் பெரிய கரைச்சலாகியிருக்கும் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பால் அக்காவின் முகத்தைத் துடைத்துக்கொண்டே, சின்னவள்தான் சொன்னாள் என்றாள்.

இரண்டு நாள் அங்கே வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்று, அறையில் வேறு யாரும் இல்லாதபோது, அக்கா சிலேட்டில் "ஏன் சொன்னாய்?" என்று எழுதினாள். நீ செத்துப்போய்விடுவாய் என்று நினைத்தேன் என்றேன். அவள் கொஞ்ச நேரம் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, எழுதியதை அழித்து, வேறொன்று எழுதினாள்: "இன்றைக்கு ஐஸில் பாதி உனக்கு." அதை நான் அம்மாவிடம் வாசித்தபோது அம்மா சிரித்துவிட்டு, நிஜமாகவா என்று அக்காவையே கேட்டாள். அக்கா தலையாட்டினாள்.

பேசலாம் என்று டொக்டர் அனுமதித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வீட்டில் இருந்தார், ஆயிஷா மாமியும் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அக்கா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கப் போகிறவளைப் போல எங்கள் எல்லோரையும் பார்த்தாள்.

"அம்மா, பசிக்குது. சோறு போடு."

குரல் தடித்து, யாரோ வேறொருத்தி குரல் போல வந்தது. அம்மா குசினிக்குள் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் குழைந்த சோற்றோடு திரும்பி வந்தாள். நாலைந்து வாய் இறங்கியதும் அக்கா நான் சொன்ன பொய்களை ஒன்று விடாமல், நாள் வாரியாகச் சொல்லத் தொடங்கினாள். கால் பிடித்துவிட்ட கதையைக் கேட்டு ஆயிஷா மாமி நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும்தான்.

அந்த நான்கு வீடுகளும் இப்போது இல்லை. சந்து அகன்று தெருவாகி, எங்கள் முன்னறை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ரிக்ஷாக்கள் போயின, ஐஸ் கிடங்கு போயிற்று. மாமியின் பிள்ளைகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பதாகக் கேள்வி. போன மாதம் என் பேரனுக்குத் தொண்டை வீங்கியபோது, பையனைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர் போலத் தெரிந்த ஒரு டொக்டர் சிறிய விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் இப்போது வெட்டுவதில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றே நாளில் அவன் பந்து விளையாடப் போய்விட்டான். அது நல்லதுதான்.

அம்மாவும் அப்பாவும் போய் வெகுகாலமாயிற்று. அந்த வீட்டில் இருந்தவர்களில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். அக்கா கம்பளையில் மகனோடு இருக்கிறாள். மாதம் ஒருமுறை ரயிலேறி அவளைப் பார்க்கப் போகிறேன். காலையில் நான் படியேறும்போது தொடங்குகிற பேச்சை அவள் மாலையில் என்னை ஸ்டேசனில் ஏற்றிவிடும்போதும் முடிப்பதில்லை. வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னலோடு நடந்து வந்தபடி ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சக்கரச் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்பதில்லை. கேட்டது போலத் தலையாட்டிக்கொண்டு, அவள் உருவம் மறையும்வரை நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.