மீன்களுக்குக் குடித்தனம் பார்த்த விஜயலட்சுமி டீச்சர்

ராகலையில் ஒரு பாடசாலையில் பேச்சுப்போட்டிக்கு நடுவராக உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஒரு மாணவி மூச்சு விடாமல் முழங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் பாடசாலை அதிபரின் அழைப்பு வந்தது. வெட்டிவிட்டேன். மறுபடியும் வந்தது. வெளியே போய் எடுத்தேன். "கணேஷ் சார், விஜயலட்சுமி டீச்சர் தவறிட்டாங்க" என்றார். எந்த விஜயலட்சுமி என்று கேட்டேன். எங்கள் பாடசாலையில் ஒரே ஒரு விஜயலட்சுமிதான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலித்திருக்கிறது. வைத்தியசாலைக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் திரும்பி உள்ளே போய் மிச்சப் பேச்சுகளுக்கும் புள்ளி போட்டேன். யாருக்கு என்ன போட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நோர்வூட்டில் பதினொரு வருடம் ஆசிரியர் அறையில் எதிரெதிர் நாற்காலி எங்களுக்கு. நான் தமிழ், அவர் விஞ்ஞானம். பக்கத்தில் பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்த நாலடி மீன்தொட்டி. அந்தத் தொட்டிக்குள் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்பதை அவர் ஒருவர்தான் தீர்மானிப்பார். அதிபருக்குக்கூட அதில் வாய் கிடையாது.

ஒருமுறை ஆங்கில ஆசிரியர் கண்டிக்குப் போய் மஞ்சளும் நீலமுமாக ஆறு ஆப்பிரிக்க மீன்களைப் பையில் கட்டிக்கொண்டு வந்தார். எங்களுக்கெல்லாம் வாயில் எச்சில் ஊறாத குறை. டீச்சர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அழகுதாங்க சார். ஆனா இது கல்லு ஏரி மீனு, உப்புச் சத்துக் கூடின கெட்டித் தண்ணி கேக்கும். மலையில இருந்து வர்ற நம்ம பீலித் தண்ணி இதுக்கு ஆகாது. அதோட இதுக முரட்டுக் குணம், நம்ம ஏஞ்சல் மீனோட நீளச் செட்டைய ஒரே நாள்ல கடிச்சுப் போட்டுரும்" என்றார். அவ்வளவுதான், ஆறும் வந்த வழியே கண்டிக்குப் போயின. ஆங்கில ஆசிரியர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க டீச்சர், மீனுக்கும் ஜாதகப் பொருத்தம் பாப்பீங்களா?" என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "பாக்கத்தான் வேணும் சார். மனுசனுக்குப் பிடிக்கலனா கதவத் தொறந்துகிட்டு வெளிய போயிருவான். இதுக எங்க போகும்?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் தோட்டத்து லயத்துல பொறந்தவ. ஒரே செவுரு, அந்தப் பக்கம் குடிச்சிட்டு அடிப்பான், இந்தப் பக்கம் நாங்க புத்தகத்த வச்சுக்கிட்டு அழுவோம். யாரு பக்கத்துல யாருனு பாக்காம நான் குடி வைக்க மாட்டேன்." அதற்குப் பிறகு அந்தக் கேலியை நான் செய்யவில்லை.

அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த குடித்தனம் அது. ஐந்து ஏஞ்சல்கள், ஒன்றாகவே வளர்ந்தவை. ஏஞ்சலின் வாய்க்குள் அடங்காத அளவு வளர்ந்த டெட்ரா மீன்கள். கீழே மணலைக் கிளறிக்கொண்டு யார் வம்புக்கும் போகாத கொரி மீன்கள். புதிதாக எது வந்தாலும் மூன்று வாரம் தனி வாளியில் இருந்துவிட்டுத்தான் உள்ளே போகும்.

இனி நான் சொல்லப்போவது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. போன வருடம் தவணை விடுமுறைக்கு டீச்சர் மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போனார். தொட்டியை என்னிடம் ஒப்படைத்தார். "கரண்ட் போனா ஹீட்டர் நின்னுரும் சார். போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி மெதக்க விடுங்க. மறந்துறாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். அந்த வாரம் அடைமழை. கரண்டும் போனது. மழையைச் சாக்கு வைத்து இரண்டு நாள் நான் வீட்டை விட்டு அசையவில்லை. மூன்றாம் நாள் போனபோது ஒரு ஏஞ்சல் செத்து மிதந்தது, மற்றவை ஒடுங்கிக் கிடந்தன.

ஹட்டனுக்கு ஓடினேன். கடையில் ஏஞ்சல் இல்லை. "சார், இதக் கொண்டு போங்க, கன்விக்ட் மீனு. எந்தக் குளிருக்கும் அசையாது" என்று கறுப்புக் கோடு போட்ட ஒரு சோடியைக் காட்டினார் கடைக்காரர். நம் ஊரில் ஆளானாலும் செடியானாலும் முதலில் கேட்பது குளிரைத் தாங்குமா என்பதைத்தானே? நானும் அதை மட்டும்தான் கேட்டேன். வாங்கி வந்து நேரே தொட்டியில் விட்டேன். கரண்ட் வந்திருந்ததால் ஹீட்டரும் வேலை செய்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

பாடசாலை திறந்த அன்று எனக்கு முன்பே டீச்சர் வந்திருந்தார். தொட்டிக்குள் கிடந்த மண்சட்டியில் முட்டை. சோடி இரண்டும் அதற்குக் காவல். மிச்ச நாலு ஏஞ்சலும் செட்டை கிழிந்து செத்துக் கிடந்தன. ஒரு மூலையில் டெட்ராக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டிருந்தன. "இத யாருங்க சார் கொண்டாந்து விட்டது?" என்று கேட்டார். "பழைய மாணவங்க யாராவது இருக்கும் டீச்சர்" என்றேன். பச்சைப் பொய். அவர் என்னைப் பார்த்தார். "சரிங்க சார்" என்றார். பிறகு சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு அந்தச் சோடியை வலையால் பிடித்தார். "இதுக மேல தப்பில்ல. புள்ளையக் காப்பாத்துதுக, அவ்வளவுதான்" என்று சொல்லி வாளியில் எடுத்துக்கொண்டு போனார். கடைக்கே திருப்பிக் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஏழு மாதம். தினமும் எதிரெதிரே உட்கார்ந்து பிளேன்டீ குடித்தோம். அவர் ஒரு நாளும் குத்திப் பேசவில்லை. ஏஞ்சல் வாங்கலாமே என்று மற்றவர்கள் சொன்னபோது மட்டும் "கொஞ்ச நாள் போகட்டுங்க" என்பார். எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். மணி அடிக்கும், அல்லது யாராவது உள்ளே வருவார்கள். அடித்த மணிக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவேன். வெட்கம் கெட்டவன்.

கருமாதி அன்று அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறையில், அடுப்புச் சூடு படும் மூலையில் ஒரு சின்னத் தொட்டி. அதற்குள் அந்தக் கறுப்புக் கோட்டுச் சோடி. வேறு ஒரு மீனும் இல்லை. டீச்சரின் கணவர் மோகன் அண்ணன் தேநீரோடு வந்தார். "அண்ணே, இதுகள அங்க விட்டது நான்தாங்க. டீச்சர்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "அவளுக்குத் தெரியுங்க சார். அன்னைக்கே கடைக்காரன்கிட்ட கேட்டுட்டா. வீட்டுல இதுகளுக்குப் பேரே கணேஷ் சார் மீனுதான். கடைக்கே திருப்பிக் குடுத்துறலாமேனு நான்கூடச் சொன்னேன். 'வேணாங்க, அவரே ஒரு நாளைக்குச் சொல்லுவாரு, அப்ப அவருகிட்டயே குடுத்துக்கலாம்'னுட்டா" என்றார்.

இப்போது அந்தச் சோடி என் வீட்டில் இருக்கிறது. டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். பஸ்ஸில் மடியில் வாளியை வைத்துக்கொண்டு வரும்போது ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஏழு மாதம் ஒவ்வொரு காலையிலும் என் எதிரே உட்கார்ந்து, இன்றைக்குச் சொல்லிவிடுவான் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். டீச்சர், நான்தான் விட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.